நேரில் பார்வையிட்டேன்

ஜனவரி 29, திங்கள்

வக்கீல்களுக்கென்றே அச்சடித்துக் கொடுக்கிற டைரி இது. பக்கத்துக்கு எட்டு வாய்தா எழுத இடம் விட்டிருக்கிறார்கள். மனுஷி என்ன ஆனாள் என்று எழுத ஒரு வரி கிடையாது. இன்றைக்கு இரண்டே வாய்தா, மிச்ச இடம் சும்மா கிடக்கிறது. எழுதுகிறேன்.

மத்தியான இடைவேளையில் லோகநாதன் வந்து பிடித்துக்கொண்டார். வக்கீல் சங்கச் செயலாளர் ஆனதிலிருந்து அவருக்கு யாரைப் பார்த்தாலும் ஒரு வேலை ஞாபகம் வருகிறது. என் சீனியர் சென்னியப்பன் சார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிப்ரவரி 23 சாயங்காலம் சங்கக் கூடத்தில் அவர் படத்தைத் திறக்கிறார்களாம். வாழ்க்கைக் குறிப்பை நான் எழுதித் தர வேண்டும். எங்கே படித்தார், யாரிடம் தொழில் பழகினார், ஊருக்கு என்ன செய்தார், எல்லாம் நாலு பக்கத்துக்குள். முப்பது வருஷம் அவர் ஆபீசில் இருந்தவள் நான்தான் என்பதால் மறுக்கவும் வழியில்லை.

டாக்டர் முட்டியைப் பார்த்துவிட்டுப் படியே ஏறாதீர்கள் என்கிறார். முன்சீப் கோர்ட்டோ மாடியில் இருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் இந்த கவுனைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறேன். வீட்டுக்காரர் பெங்களூரில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். போன் செய்தால் பேரன் என்ன சாப்பிட்டான் என்று மட்டும் சொல்கிறார். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்து ஐந்து நாள் ஆகிறது.

ஜனவரி 31, புதன்

சட்டப் பணிகள் குழுவிலிருந்து ஒரு கட்டு வந்திருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக நடத்தித் தரும் வழக்கு. அந்தப் பட்டியலில் என் பேரைச் சேர்த்துவிட்டது சீனியர். மற்றவர்கள் ஏதாவது சொல்லி நழுவிவிடுவதால் எல்லாம் என் மேசைக்கே வந்து சேருகிறது.

கட்சிக்காரி பேர் மாராத்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். நொச்சிக்காட்டூர்க் காலனி. கட்டைப் பிரிக்காமல் அவர் வாயாலேயே விவரம் கேட்டேன். காலனியிலிருந்து மயானத்துக்குப் போக ஒரு இட்டேரி இருந்ததாம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற தடம்தான், இரண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். பொன்னுரங்கம் என்கிற தோட்டத்துக்காரர் முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படித் தடமே கிடையாது என்று கேஸ் போட்டு ஜெயித்தார். வேலியைப் பிடுங்கி உழுது தென்னை வைத்துவிட்டார். அதிலிருந்து காலனியில் யார் செத்தாலும் வாய்க்காலில் இறங்கித்தான் தூக்கிப் போகிறார்கள். போன ஐப்பசியில் மாராத்தாளின் வீட்டுக்காரர் செத்தபோது வாய்க்காலில் தண்ணீர் முழுசாக ஓடியிருக்கிறது.

"நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணிங்க. பாடையத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. நடு வாய்க்கால்ல என்ற பையன் வழுக்கி உழுந்துட்டானுங்க. அப்பன் தண்ணிக்குள்ள போயிட்டாருங்க. தேடி எடுத்துத்தான் பொதைச்சமுங்க."

அழவில்லை. சொல்லிச் சொல்லிக் காய்ந்துபோன குரல். பொன்னுரங்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் தோட்டத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டான். அவர்கள் சுற்றிலும் மதில் சுவர் கட்டப் போகிறார்கள். சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் யார் இடிப்பது என்று கேட்கிறார். அதற்குத் தடை வாங்கத்தான் இந்த மனு.

ஊர்ப் பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கட்டை நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

கட்டைப் பிரித்தேன். எதிர்த்தரப்பு கொடுத்திருக்கிற ஆவணங்களில் நாலாவது, அந்தப் பழைய வழக்கின் கமிஷனர் அறிக்கை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து என்னுடையது. எஸ். பூங்கோதை, பி.ஏ., பி.எல்., அட்வகேட் கமிஷனர். அந்தக் காலத்தில் 'பூ' போடும்போது சுழியைப் பெரிதாக இழுப்பேன்.

ஜட்ஜ் தோட்டம் தோட்டமாக அலைய முடியாது. அதனால் ஒரு வக்கீலைக் கமிஷனர் என்று பேர் சொல்லி அனுப்புவார்கள். அவர் பார்த்ததுதான் கோர்ட்டு பார்த்தது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் கிடைக்கும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

அறிக்கையிலிருந்து அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி சொத்தை 19.11.1994 காலை பதினோரு மணியளவில் நேரில் பார்வையிட்டேன். முன்னறிவிப்பு கொடுத்தும் பிரதிவாதிகள் ஆஜராகவில்லை. அவ்விடத்தில் இட்டேரியோ வண்டித்தடமோ இருந்ததற்கான அடையாளம் ஏதும் காணப்படவில்லை."

கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருப்பேன். கார்த்திகை மாசம், அடைமழை, எங்கே பார்த்தாலும் புதர். முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை இப்போது யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சமையல் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று. இரண்டு நாளாகுமாம்.

பிப்ரவரி 5, திங்கள்

வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் வந்திருக்கிறது. சீனியர் சாலைப்புதூரில் ஒரு நெசவுத்தறிக்காரர் மகன். மெட்ராஸில் சட்டம் படித்தார். கோபாலரத்தினம் என்கிற பழைய வக்கீலிடம் தொழில் பழகினார். அந்த மனுஷர் ஆறு மாசம் இவரைப் பேனாவையே எடுக்க விடவில்லையாம். சைக்கிளைக் கொடுத்துக் கட்சிக்காரர்களின் வயலையும் வீட்டையும் பார்த்துவிட்டு வரச் சொல்வாராம். அந்தப் பழக்கம் சீனியருக்குக் கடைசி வரை போகவில்லை. தான் வரப்பில் நடந்து பார்க்காத சொத்துக்கு வழக்குரை எழுத மாட்டார். எழுபது வயதிலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பார். நான் காருக்குள் உட்கார்ந்திருப்பேன்.

பொதுச்சேவை என்று ஆரம்பித்தால் நாலு பக்கம் போதாது. முப்பத்தோரு வருஷம் இலவச சட்ட முகாம். முதியோர் பென்ஷன் கிடைக்காத கிழவிகள் அவர் ஆபீஸ் வாசலில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பமாக அவரே எழுதுவார். "நம்ம கையெழுத்து நல்லாருக்குதுல்ல, எழுதிக் குடுத்தா என்ன" என்பார். எழுதுகிறபோதே எனக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை நல்லவரைப் பற்றி எழுதுவது பெரிய வேலை.

பிப்ரவரி 8, வியாழன்

மாராத்தாள் வந்திருந்தார். போன தடவை சொல்ல மறந்ததைச் சொல்ல இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் எழுதிக்கொள்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பழைய கேஸில் கமிஷனர் வருகிறார் என்று இவர்களுக்கு நோட்டீஸ் வந்ததாம். கமிஷனர் ஒரு பொம்பளை என்று தெரிந்ததும் காலனியே சந்தோஷப்பட்டதாம். முள் குத்தக் கூடாது என்று முதல் நாளே இட்டேரி நெடுகக் கள்ளியை வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாற்காலி இரவல் வாங்கி வந்தார்கள். இளநீர் வெட்டி வைத்தார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை நின்றிருக்கிறார்கள்.

"மழை வேற பிடிச்சுக்கிச்சுங்க. ஒருத்தரும் நகரலீங்க. அப்பறம் பொன்னுரங்கத்து மேனேசரு வந்து, கமிசனரம்மா தோட்டத்துப் பக்கமா வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, நீங்க ஊட்டுக்குப் போங்கன்னாருங்க. எங்க பக்கம் ஒரு எட்டு வந்திருக்கலாமுங்க அந்தம்மா."

இளநீரை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

யோசித்துப் பார்க்கையில் அன்றைக்கு நான் பம்புசெட் வரைக்கும்தான் போயிருப்பேன் என்று தோன்றுகிறது. மழை, சேறு. மேனேஜர் கையை நீட்டிக் காட்டியிருப்பான். காரிலிருந்தே பார்த்திருப்பேன். ஜூனியர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அன்றைக்குச் சட்ட முகாம் வேலையும் இருந்தது, சீனியர் சீக்கிரம் வரச் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 12, திங்கள்

வழக்கு கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அறிக்கையை எடுத்து நீட்டி வாசித்தார். கோர்ட்டு அனுப்பின கமிஷனரே பார்த்துவிட்டுத் தடம் இல்லை என்று சொன்னபிறகு இந்த மனுவில் என்ன இருக்கிறது என்றார். கமிஷனர் பேரை வாசிக்கும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். ஜட்ஜ் சின்ன வயதுப் பெண். இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது, ஒன்றும் புரிந்திருக்காது.

எழுந்து அவகாசம் கேட்டேன். 21-ஆம் தேதிக்குப் போட்டார்கள். அதற்கு மேல் வாய்தா கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். செங்கல் லாரிகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டதாக மாராத்தாள் மாடிப்படியில் சொன்னார்.

படி இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது. மாராத்தாள்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

லோகநாதன் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சீனியர் ஆபீசில் சுவரில் மாட்டியிருந்ததுதான், கண்ணாடிச் சட்டத்தோடு. விழா மேடையில் இதையும் வைக்கலாமா, அழைப்பிதழில் போடலாமா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் நடந்த முதல் பெரிய சட்ட முகாம். ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் வந்திருந்தார். பின்னால் துணி பேனரில் 19.11.94 என்று எழுதியிருக்கிறது. மேலே மண்டபத்துக் கடிகாரம், பதினொன்று பத்து. நடு மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். பட்டுப்புடவை, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். மேடை ஓரத்தில் சீனியர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வரவேற்புரை நான்தான் பேசினேன்.

சரி. எழுதிவிடுகிறேன். நான் போகவில்லை. பம்புசெட் வரைக்கும் கூடப் போகவில்லை. அறிக்கையைப் பொன்னுரங்கத்தின் மேனேஜர் எழுதிக்கொண்டு வந்தான், வரைபடமும் அவனே போட்டிருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். சீனியர்தான் முகாமுக்கு ஆள் இல்லை, நீ இங்கேயே இரு, அது சும்மா ஒரு தோட்டத் தகராறு, அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார். சீனியர் சொன்னால் ஜூனியர் என்ன செய்ய முடியும்? மண்டபம் யாருடையது என்றால் அதுவும் பொன்னுரங்கத்துடையதுதான்.

பிப்ரவரி 15, வியாழன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன்.

பிப்ரவரி 17, சனி

இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு மெமோ எழுதினேன். "சொந்தக் காரணங்களால்" என்று போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேறு யாரையாவது நியமிப்பார்கள். வருகிறவர் எனக்குச் சங்கடம் வேண்டாமென்று அறிக்கையை இழுக்காமல் வாதாடுவார், தோற்பார். சுவர் எழும்பும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

டைப் அடிக்கக் குமாஸ்தா ஆறுச்சாமியிடம் கொடுத்தேன். எழுபத்திரண்டு வயதாகிறது. சீனியரிடம் இருந்து, அவர் போன பிறகு என்னிடம் வந்தவர். மெமோவைப் படித்தார். கட்சிக்காரி பேரையும் ஊரையும் பார்த்தார். பழைய கட்டுகளையெல்லாம் கட்டியவரே அவர்தான், அவருக்கு ஊர்ப் பேரே போதும்.

நானாகத்தான் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு சீனியர் போக வேண்டாம் என்றதால்தானே இத்தனையும் என்றேன். ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அப்படிங்களா மேடம்? அன்னைக்குக் காலைல ஆறு மணிக்குக் காரு கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தது நான்தானுங்களே. விழா பத்தரைக்குத்தான், அதுக்குள்ள போயிப் பாத்துட்டு வரட்டும், ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்கன்னு சீனியர்தான் அனுப்பிச்சாருங்க. நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். தீர்ப்பு வந்த பிறகு ஒருநாள் சீனியர் அந்த அறிக்கையை வாங்கிப் படித்தாராம். காலை பதினோரு மணி என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் ஆறுச்சாமியை விட்டு அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு வரச் சொல்லி, என் மேசைக்கு நேர் எதிரே ஆணி அடிக்கச் சொன்னாராம்.

மெமோவை டைப் அடிக்கட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாவாட்டவில்லை. துணி துவைக்கவில்லை. காலையிலிருந்து இதையே எழுதுகிறேன், அடிக்கிறேன்.

13-ஆம் தேதி சீனியர் சொன்னார் என்று எழுதியது பொய். செத்துப்போன மனுஷர் மேல் பழியைப் போட்டேன். அதுவும் யாரும் படிக்காத டைரியில். வக்கீல் புத்தி, எனக்கு நானே எதிர்வாதம் தயார் செய்திருக்கிறேன். 31-ஆம் தேதி எழுதியதும் பொய்தான். நொச்சிக்காட்டூர் என்று மாராத்தாள் சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அதனால்தான் கட்டைப் பிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். முகாமுக்கு மூன்று வாரம் முன்பே கமிஷன் நோட்டீஸில் பதினோரு மணி என்று போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் நீதிபதி வருகிற தேதி அதே நாளில் அமைந்தது. தேதியை மாற்றி மறு நோட்டீஸ் கொடு என்று சீனியர் சொன்னார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். கடைசியில் அதிகாலையிலாவது போய் வா என்று காரை அனுப்பினார். அந்த வரவேற்புரையை நாலு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எங்கள் வக்கீல் சங்கத்தில் அப்போது நான் ஒருத்திதான் பெண். ஹைகோர்ட்டு ஜட்ஜ் முன்னால் பேசப் போகிறேன். சேற்றில் போய்ப் புடவையும் தலையும் கெட்டு வந்து நிற்க எனக்கு மனசில்லை. காரைத் திருப்பி அனுப்பினேன். விழா ஆரம்பிக்கும் முன் சீனியர் பக்கத்தில் வந்து, போனியாம்மா என்று கேட்டார். ஆறரைக்கே போயிட்டு வந்துட்டேன் சார் என்றேன். காரு உன்னை ஏற்றாமலே வந்துவிட்டதே என்று அவர் கேட்கவில்லை. அண்ணனோடு வண்டியில் போனேன் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். வாய் கூசவில்லை.

நல்லவர் நல்லவர் என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, அவர்மேல் இன்றைக்கு எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்த பிறகு ஏன் சார் கேட்கவில்லை? திட்டியிருந்தால் அழுதுகொண்டே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். அப்பீல் போட நாள் இருந்தது. தென்னை வைத்திருக்க மாட்டார்கள். போட்டோவை மாட்டினால் நானாகச் சொல்லுவேன் என்று நினைத்தீர்களா? இருபத்தைந்து வருஷம் நான் அதற்கு எதிரே உட்கார்ந்து வழக்குரை எழுதினேன் சார். பார்த்தது என் புடவையை. கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்று பழகிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு கமிஷனுக்கும் என் பேரை நீங்கள் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே உறைத்தது. காரணம் கேட்க மட்டும் பயம்.

ஜூனியரைக் காப்பாற்றினீர்களா, உங்கள் முகாமின் பேரைக் காப்பாற்றினீர்களா என்று தெரியவில்லை. கேட்கவும் இனி ஆளில்லை. வாய்க்காலில் விழுந்தது அந்தக் கிழவியின் புருஷன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாராத்தாளை வரச் சொல்லி ஆபீசில் உட்கார வைத்துச் சொன்னேன். எதையும் சுற்றிவளைக்கவில்லை. கேட்டுவிட்டு மேசையிலிருந்த போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது நீங்கதானுங்களா? பூவெல்லாம் வெச்சிருக்கறீங்க."

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இப்போது இதைக் கோர்ட்டில் சொன்னால் சுவர் கட்டுவது நிற்குமா என்று கேட்டார். நிற்கலாம் என்றேன். அப்படியானால் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

பிறகு லோகநாதன் ஆபீசுக்குப் போனேன். சாட்சி சொல்கிறவள் வக்கீலாக நிற்க முடியாது. கட்டையும் என் பிரமாணப் பத்திரத்தையும் அவரிடம் நீட்டினேன். மனுஷன் எப்போதும் சத்தம் போட்டுப் பேசுகிறவர், படித்து முடித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பார் கவுன்சிலுக்குப் போகும், கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டி வரலாம் என்றார். தெரியும் என்றேன். விழாவுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, ஒரு வாரம் பொறுக்கலாமே என்றார். செங்கல் இறங்கிவிட்டது என்றேன்.

எனக்கு ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அவரிடம் இப்படி ஒரு தெம்பை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அவரைப் பற்றி என்னென்னவோ பேசியிருக்கிறேன்.

பிப்ரவரி 21, புதன்

கவுன் போடாமல் மாடி ஏறினேன். கோர்ட்டு நிறைய ஆள். விஷயம் அதற்குள் பரவியிருக்கிறது.

லோகநாதன் போட்டோவையும் அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அன்றைக்குப் பொய் எழுதியவர் இன்றைக்குச் சொல்வது மட்டும் எப்படி நிஜமாகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். ஜட்ஜ் என்னை முன்னால் கூப்பிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீங்க அந்த இடத்துக்குப் போனீங்களா, இல்லையா?"

"போகலீங்கம்மா. இன்னி வரைக்கும் போனதில்லைங்க."

என் குரல் தெளிவாகத்தான் வந்தது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஜட்ஜ் நிறைய எழுதினார். நில அளவையரோடு புதிதாக ஒரு கமிஷனர் போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. என்னைப் பற்றித் தனியாக பார் கவுன்சிலுக்கு எழுதுவதாகச் சொன்னார். நல்லதுங்கம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

முப்பது வருஷமாக எனக்கு வணக்கம் சொன்ன வராந்தா வழி விட்டு ஒதுங்கி நின்றது. ஆறுச்சாமி மட்டும் பையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் பேரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குக் கிளம்பி வருகிறேன் என்றார்.

பிப்ரவரி 23, வெள்ளி

படத்திறப்பு நடந்தது. நான் வராமல் இருந்தால் நல்லது என்று சிலர் சொன்னதாக லோகநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். போனேன். கடைசி வரிசை. பக்கத்தில் வீட்டுக்காரர்.

வாழ்க்கைக் குறிப்பை லோகநாதனே வாசித்தார். கடைசிப் பக்கத்தில் நான் மூன்று வரி சேர்த்திருந்தேன். "அவரிடம் தொழில் பழகிய ஒருத்தி பார்க்காத நிலத்துக்குப் பொய் அறிக்கை கொடுத்தாள். அது அவருக்குத் தெரிய வந்தது. அவர் வெளியே சொல்லவில்லை." அந்த இடம் வந்ததும் லோகநாதன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார். கைதட்டினார்கள்.

மேடையில் போட்டோ இல்லை. அது கோர்ட்டில் இருக்கிறது, சான்றாவணம் என்று ஒட்டுப்போட்டு. சுவரில் ஏறியது ஸ்டுடியோவில் எடுத்த படம். அதில் அவர் யாரையும் பார்க்கவில்லை.

மார்ச் 2, சனி

புதுக் கமிஷனர் இன்று போகிறார் என்று தெரிந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போக வேண்டும் என்று இருந்தது, போனேன். காலனி முனையில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். வீட்டுக்காரர் கைத்தடியைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

கமிஷனர் திருமுருகன் என்று ஒரு பையன், தொழிலுக்கு வந்து மூன்று வருஷம். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் வைத்தான். நில அளவையர் சங்கிலியைப் பிடிக்க, தென்னைக்கு நடுவே நடந்தார்கள். நான் தள்ளியே நின்றேன். காலனி ஜனங்கள் முப்பது நாற்பது பேர் வரப்பில் நின்றார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை.

முதலில் ஒன்றுமே இல்லை. உழுத மண், தென்னை, சொட்டுநீர்க் குழாய். மயானத்துக்குக் கிட்டே, உழவு போகாத பாறை ஓரத்தில் கடைசியாக ஒரு துண்டு இருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கள்ளி. நடுவில் கல்லில் வண்டிச்சக்கரம் தேய்த்த இரண்டு பள்ளம். அளந்தார்கள். நீளம் நாற்பத்தோரு அடி, அகலம் பதினொன்று. பழைய புல வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்ட இடத்தோடு அது ஒத்துப்போகிறது என்று அளவையர் சொன்னார். திருமுருகன் குனிந்து சக்கரப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்.

வழக்கு இனிமேல்தான் நடக்க வேண்டும். எத்தனை வருஷமோ. ஆனால் நாற்பத்தோரு அடி இருக்கிறது, இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எல்லாரும் திரும்பியபோது முட்டி மடங்கவில்லை. அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாராத்தாள் ஒரு இளநீரைச் சீவிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, வாங்கிக் குடித்தேன். பக்கத்தில் நின்றுகொண்டு அவர் அந்தத் துண்டுத் தடத்தைப் பார்த்தார். காலனியிலிருந்து இங்கே வரைக்கும் கையை மெதுவாக இழுத்துக் காட்டினார்.

"அன்னிக்கு வந்திருந்தீங்கன்னா பூராத்தையும் பாத்திருக்கலாமுங்க."

ஆமாம் என்று சொன்னேன். அவர் குடித்துத் தீர்ந்த இளநீர்க் கூட்டை வாங்கிக்கொண்டு போனார்.